பாலக்காட்டுக் கோட்டையும் மாகித் துறைமுகமும்

பாலக்காட்டில் வாழும் நம்மவர் பலர், ஊர் நடுவே அகழி சூழ நிற்கும் கருங்கற் கோட்டையைத் 'திப்புவின் கோட்டை' என்றே பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டுவர். அதனை எழுப்பியவன் திப்பு அல்லன். அவன் தந்தை ஐதர் அலி. ஆண்டு 1766. அதற்கு ஒன்பது ஆண்டுகட்கு முன், கோழிக்கோட்டுச் சாமூதிரியின் படைக்கு அஞ்சிய பாலக்காட்டு அச்சன் ஐதரிடம் துணை வேண்டித் தூது விடுத்தான். துணைக்கு வந்தவர் தங்கிவிட்டனர். வரலாற்றில் இது புதிதன்று.

மேற்கு மலைத்தொடர் இங்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாய் திறந்து கிடக்கிறது. கொங்கு நாட்டுப் பொதிமாடுகள் மலையேறாமல் மேல்கடலை அடைந்த வழி இது. நம் முன்னோர் பலரும் இவ்வழியே வந்தவர்கள். பீரங்கிகளும் இவ்வழியையே நாடின.

ஆயினும் இக்கோட்டையின் விதியை எழுதிய கை நெடுந்தொலைவில் இருந்தது. அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் ஆங்கிலேயரை எதிர்த்துப் போர் தொடுத்திருந்த காலம் அது. 1778-இல் பிரெஞ்சுக்காரர் அமெரிக்கரோடு சேர்ந்தனர். அந்த ஆண்டே புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. எஞ்சியது மலையாளக் கரையிலுள்ள மாகி. ஐதருக்குப் பிரெஞ்சுப் படைக்கலங்கள் வந்திறங்கிய துறை அதுவே. 'மாகி என் காவலில் உள்ளது' என ஐதர் உணர்த்தியும் கும்பினியார் செவிமடுக்கவில்லை. 1779 மார்ச்சில் அதனைக் கைப்பற்றினர். வேறு மனக்கசப்புகளும் இருந்தன. எனினும் மாகியின் வீழ்ச்சியே ஐதரின் பொறுமையை முறித்தது என்பது எம் கருத்து. 1780 ஜூலையில் அவன் படை கருநாடகச் சமவெளியில் இறங்கியது.

1782-இல் ஹம்பர்ஸ்டன் என்னும் ஆங்கிலத் தளபதி மேல்கரையிலிருந்து பாலக்காட்டை நெருங்கினார். கோட்டையின் வலிமை கண்டு பொன்னானிக்குப் பின்வாங்கினார். திப்புவும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் துரத்திச் சென்று தாக்கினர். அந்நிலையில் டிசம்பர் 7-இல் ஐதர் இறந்தான். செய்தி கேட்ட திப்பு கிழக்கே விரைந்தான்.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது விந்தையானது. 1783 ஜனவரியிலேயே ஐரோப்பாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானத்துக்கு இசைந்துவிட்டனர். கடல் கடந்து அச்செய்தி கடலூர்ப் போர்க்களத்தை எட்டும்போது ஆண்டின் நடுப்பகுதி. பிரெஞ்சு வீரர் வாளை உறையிலிட்டனர். திப்புவுக்கோ அமைதி இல்லை! தளபதி புல்லர்ட்டன் ஆனைமலைக் காட்டினூடே, கொட்டும் மழையில், மரங்களை வெட்டி வழி திறந்து பீரங்கிகளை இழுத்து வந்தார். நவம்பரில் பாலக்காட்டுக் கோட்டை வீழ்ந்தது. தொடங்கி வைத்த பகை ஓய்ந்த பின்னரும் நம் மண்ணில் குருதி சிந்தியது. பீரங்கி இழுத்த எருதுகள் எவருடைய ஏரில் பூட்டியிருந்தவை என எழுதி வைத்தார் இல்லை.

1784 மார்ச் 11-ஆம் நாள் மங்களூர் உடன்படிக்கைப்படி, வென்ற இடங்களை இருவரும் திருப்பித் தந்தனர். கோட்டை மீண்டும் திப்புவுக்கு. மாகி மீண்டும் பிரெஞ்சுக்காரருக்கு. அத்தனை பாடும் இதற்குத்தானா?

1790-இல் கோட்டை மறுபடியும் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. இம்முறை அவர்கள் விடவில்லை. 1792-இல் மலபாரோடு பாலக்காடு கும்பினிக்குரியதாயிற்று. கோயம்புத்தூரோ 1799 வரை திப்புவிடம் இருந்தது. ஒரே கணவாயின் இரு வாயில்களுக்கிடையே அன்று விழுந்த கோடு பின்னர்ச் சென்னை மாகாணத்துக்குள் இரு மாவட்டங்களின் எல்லையாயிற்று. 1956 நவம்பர் 1 முதல் இரு மாநிலங்களின் எல்லையாக வாளையாற்றில் நிற்கிறது.