ஏரி விட்டு ஏரி போகும் படகு: கூடவே ஏறி வருவது யார்?

உங்களிடம் காற்றடிக்கும் கயாக் இருக்கிறதா? பெங்களூரு, புனே, ஹைதராபாத் பக்கம் வேலை பார்க்கும் பலர் இப்போது சனி, ஞாயிறு வந்தால் ஏதாவது ஓர் ஏரிக்கோ அணைக்கோ கிளம்பிவிடுகிறார்கள். துடுப்புப் போட்டு முடித்ததும் காற்றை இறக்கி, ஈரத்தோடு சுருட்டி, பைக்குள் திணித்து, கார் டிக்கியில் போட்டால் வேலை முடிந்தது. அடுத்த வாரம் வேறு ஏரி.

அந்த ஈரச் சுருட்டலில்தான் சிக்கல். மடிப்புக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் தேங்கியிருக்கும். துடுப்பில் ஒரு துண்டு நீர்ச்செடி ஒட்டியிருக்கும். ஒரு ஏரியை அடைத்துக்கொண்டிருக்கும் அயல் உயிரினம் இன்னோர் ஏரிக்குப் போக இது போதும். ஆறும் கால்வாயும் இணைக்காத இரண்டு நீர்நிலைகளை நம் வண்டி இணைத்துவிடுகிறது.

ஒரு டம்ளர் தண்ணீரில் என்ன இருக்கப்போகிறது?

இதற்கு உலகம் அதிக விலை கொடுத்துக் கற்ற பாடம், ஜீப்ரா மட்டி. கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதியைச் சேர்ந்த, விரல் நகம் அளவே உள்ள மட்டி இது. கப்பல் சாயாமல் இருக்க அடியில் நிரப்பும் பேலஸ்ட் தண்ணீர் வழியாக வட அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. 1988இல் அமெரிக்க-கனடா எல்லையில் உள்ள செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே மிஷிகன் மாநிலத்தின் மன்ரோ நகரில், தண்ணீர் எடுக்கும் குழாயை இந்த மட்டிகள் அடைத்துக்கொண்டதால் குடிநீர் விநியோகம் தடைபட்டது.

ஒரு பெண் மட்டி ஆண்டுக்குப் பத்து லட்சம் முட்டைகள் வரை இடக்கூடியது. குஞ்சுகள் கண்ணுக்கே தெரியாது, சில வாரங்கள் தண்ணீரில் மிதந்து திரியும். படகில் தேங்கிய தண்ணீரைப் பார்த்து ‘சுத்தமாத்தானே இருக்கு’ என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். வளர்ந்த மட்டிகளோ நூல் போன்ற இழையால் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். வெளியே எடுத்தாலும் சில நாட்கள் தாங்கும். குளிரும் ஈரமும் இருந்தால் இன்னும் கூடுதலாக.

குவாகா மட்டி இதன் நெருங்கிய உறவு. பெரும் ஏரிகளில் இருந்த இது, 2007 ஜனவரியில் ஹூவர் அணைக்குப் பின்னால் உள்ள மீட் ஏரியில் தென்பட்டது. நடுவில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம், ராக்கி மலைத்தொடர் வேறு. நீந்தி வந்திருக்க முடியாது. யாரோ ஒருவர் டிரெய்லரில் ஏற்றி வந்த படகில் வந்திருக்க வேண்டும் என்பதுதான் விஞ்ஞானிகளின் முடிவு.

படகின் எந்தப் பகுதி அதிக ஆபத்து? செயின்ட் கிளேர் ஏரியில் நடந்த ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. எல்லோரும் படகின் அடிப்பாகத்தைச் சந்தேகித்தார்கள். ஆனால் வளர்ந்த மட்டிகள் பெரும்பாலும் வெளியேறியது, டிரெய்லரில் சிக்கிய நீர்ச்செடிகளோடுதான். மீன், இரை வைக்கும் தொட்டி, இன்ஜின், படகின் அடித்தளம் என எங்கெல்லாம் தண்ணீர் தங்குமோ அங்கெல்லாம் குஞ்சுகள் இருந்தன. படகைத் துடைத்தால் மட்டும் போதாது என்பது இதிலிருந்தே தெரியும்.

வந்தபின் விரட்ட முடியாதா?

கிட்டத்தட்ட முடியாது. முடிந்த இடங்களைப் பார்த்தாலே ஏன் மற்ற இடங்களில் முடியாது என்று புரிந்துவிடும். 1999இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரப் படகுத்துறைகளில் கருவரி மட்டி என்ற வேறோர் அயல் மட்டி பிடிபட்டது. கதவுகளை மூடி, உள்ளே பிளீச்சும் காப்பர் சல்பேட்டும் கொட்டி, அங்கிருந்து கிளம்பிப் போயிருந்த படகுகளையும் தேடிப் பிடித்துச் சோதித்து, அடியோடு ஒழித்தார்கள். சீக்கிரம் கண்டுபிடித்ததும், பூட்டக்கூடிய கதவு இருந்ததும்தான் காரணம். அதற்குள் இருந்த மற்ற உயிர்களும் சேர்ந்தே செத்தன. ஏரிக்கு எங்கே கதவு போடுவது? இந்தக் கருவரி மட்டி நமக்கும் புதிதல்ல. விசாகப்பட்டினம் துறைமுகத்தில் 1960களிலேயே வந்துவிட்டது, இன்றும் இருக்கிறது.

அதனால்தான் கலிஃபோர்னியா இப்போது பதறுகிறது. சீனா, தென்கிழக்கு ஆசியப் பகுதியைச் சேர்ந்த கோல்டன் மட்டி, 2024 அக்டோபரில் அங்குள்ள ஸ்டாக்டன் துறைமுகத்தில் தென்பட்டது. வட அமெரிக்காவில் அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டே ஃபோல்சம் ஏரியில், டிரெய்லரில் வரும் படகுகளுக்கு முத்திரை வைத்து 30 நாள் காத்திருக்கச் சொன்னார்கள். கொரோனா காலத்தில் நாம் இருந்த தனிமைப்படுத்தல் மாதிரியேதான், படகுக்கு. அமெரிக்காவின் சில மாநிலங்களில் மட்டியை மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய்களும் படகுச் சோதனையில் வேலை செய்கின்றன.

நம்ம ஊர் நிலவரம்?

இங்கே ஏரிகளின் பெரிய தலைவலி செடிகள். ஆகாயத்தாமரையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கேரளத்தில் ‘ஆப்பிரிக்கன் பாயல்’ என்று அழைக்கப்படும் சால்வினியாவைப் பாருங்கள். பெயரில்தான் ஆப்பிரிக்கா, சொந்த ஊர் பிரேசில். இது மலட்டுச் செடி, விதையால் பரவாது. ஆனால் மொட்டோடு ஒரு துண்டு போதும், புதுச் செடியாகிவிடும். துண்டு துண்டாகப் பரவும் செடிக்கு, துடுப்பையும் மோட்டார் விசிறியையும்விட நல்ல வாகனம் ஏது? 1980களில் ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டுத்தான் கேரளத்தில் இதை ஓரளவு அடக்கினார்கள். எல்லா அயல் உயிரினத்துக்கும் இப்படி ஒரு வண்டு கிடைக்காது.

மட்டிக் கதையும் இங்கே உண்டு, உப்பு கலந்த காயல்களில். தென் அமெரிக்காவின் சாரு மட்டி கொச்சிக் காயலில் இருப்பது 2019இல் பதிவானது. அஷ்டமுடி ஏரியில் உள்ளூர்ப் பச்சை மட்டியின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் அதைக் ‘காக்கா ஆழி’ என்கிறார்கள். சேற்றின் மேல் பாய் விரித்த மாதிரி படர்ந்துவிடுவதால், சேற்றில் பதுங்கும் இறாலைக் கையால் தடவிப் பிடிப்பவர்களின் பிழைப்பு போகிறது என்பது அவர்களின் புகார். கப்பல்கள் வழியே வந்திருக்கலாம் என்பது சந்தேகம். வந்த பிறகு படகு, கயிறு, வலை என்று எதிலும் ஒட்டி அடுத்த கழிமுகத்துக்குப் போகக்கூடியது.

சட்டம்? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் கொண்டுவந்த திருத்தம், பிரிவு 62ஏ, அயல் ஆக்கிரமிப்பு இனங்களின் இறக்குமதி, வணிகம், வைத்திருத்தல், பெருக்கம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதிகாரம் இருப்பது வேறு, ஏரிக்கரையில் படகைச் சோதிக்க ஓர் ஆள் நிற்பது வேறு.

அப்ப நாம என்ன செய்யணும்?

அமெரிக்காவில் ‘சுத்தம் செய், வடி, காயவை’ என்று மூன்று சொல்லில் சொல்லிவிடுவார்கள். இதில் பலரும் கோட்டை விடுவது மூன்றாவதை.

கரையேறியதும் அங்கேயே செடி, சேறு எல்லாவற்றையும் கையால் எடுத்துவிடுங்கள். கயாக்கின் இருக்கைக்கு அடியில், துடுப்பின் இணைப்பில், செருப்பின் அடியில், லைஃப் ஜாக்கெட் வாரில் பாருங்கள். கயாக்கைக் கவிழ்த்துத் தண்ணீரை வடியுங்கள். மோட்டார் படகென்றால் அடியில் உள்ள அடைப்பானைக் கழற்ற வேண்டும். மின்னசோட்டா மாநிலத்தில் அதைக் கழற்றாமல் படகைச் சாலையில் கொண்டுபோவதே குற்றம். அங்கு குறைந்தது 5 நாள் காயவைக்கச் சொல்கிறார்கள். நியூசிலாந்தில், தொட்டால் ஈரமே இல்லை என்று ஆன பிறகும் 48 மணி நேரம்.

அபார்ட்மென்ட் பால்கனியில் கயாக்கை விரித்துப் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பார். பரவாயில்லை. ‘சனிக்கிழமை ஒரு ஏரி, ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று’ என்று திட்டமிடுவதற்குப் பதில் இரண்டு நாளும் ஒரே ஏரியில் ஓட்டலாம். மாற்றியே ஆக வேண்டும் என்றால் வெந்நீர்தான் வழி: ஜீப்ரா மட்டிக்கு 60 டிகிரி செல்சியஸ் என்பது அங்குள்ள கணக்கு. அந்தச் சூட்டைப் பசை போட்டு ஒட்டிய காற்றுக் கயாக் தாங்குமா என்று தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். கழுவிய தண்ணீர் திரும்ப ஏரிக்கே ஓடாத இடமாகப் பார்த்துக் கழுவ வேண்டும். படகை வாடகைக்கு எடுத்தால், அதே படகை வேறு ஏரிக்கும் கொண்டுபோகிறார்களா, நடுவில் காயவைக்கிறார்களா என்று கேளுங்கள்.

கரையிலோ படகிலோ இதுவரை பார்க்காத மட்டி கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்தால், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்கள். இடமும் தேதியும் குறித்து மாநில மீன்வளத் துறைக்கு அனுப்புங்கள். ‘வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம்’ என்று பாட்டிலில் போட்டு எடுத்துவர வேண்டாம்.