மென்பொருளில் டிஜிட்டல் கையொப்பம்

ஒரு மென்பொருளை வெளியிட்டவர் யார், வெளியான பின் அதில் யாராவது கைவைத்தார்களா என்ற இரண்டையும் கணிதத்தின் துணையோடு உறுதிசெய்யும் முறை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்தப்புள்ளி அனுப்பவும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யவும் கணினியில் செருகுகிறார்களே, அந்த டி.எஸ்.சி. (டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்) டோக்கனில் இருப்பதும் இதே நுட்பம்தான். அங்கே ஆவணத்துக்கு, இங்கே நிரலுக்கு.

வெளியிடுபவரிடம் ஓர் இரகசியச் சாவியும் அதற்கு இணையான பொதுச்சாவியும் இருக்கும். எவ்வளவு பெரிய கோப்பாக இருந்தாலும் ஷா-256 என்ற கணித முறை அதை 256 பிட் சுருக்கமாக்கிவிடும்; கோப்பில் ஒரு பிட் மாறினாலும் சுருக்கம் முற்றிலும் வேறாகும். அந்தச் சுருக்கத்தின் மீது இரகசியச் சாவியால் இடுவதே கையொப்பம். பொதுச்சாவி உள்ள எவரும் அதைச் சரிபார்க்கலாம். இந்தக் கருத்தை டிஃபி, ஹெல்மன் என்ற ஆய்வாளர்கள் 1976இல் முன்வைத்தனர். மறு ஆண்டே அதைச் செயல்படுத்தும் ஆர்.எஸ்.ஏ. முறை உருவானது. எடுத்துக்காட்டாக, சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளத்துக்கு அடித்தளம் டெபியன். அதில் மென்பொருள் தொகுப்புகளின் பட்டியலே கையொப்பத்தோடுதான் வருகிறது.

பொதுச்சாவி உண்மையில் இன்னாருடையதுதான் என்று யார் சொல்வது? சிக்கல் இங்கேதான். அதைச் சான்றிதழ் தந்து உறுதிசெய்பவை சான்றளிக்கும் நிறுவனங்கள். இந்தியாவில் அவற்றுக்கு உரிமம் தருபவர், 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அமைந்த சான்றளிப்பு அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர். அவருக்குக் கீழ்ச் சான்றளிக்கும் நிறுவனமாக இருந்த தேசியத் தகவலியல் மையத்தின் பெயரில், கூகுள் தளங்களுக்கான போலிச் சான்றிதழ்கள் வெளியாகியிருந்ததை 2014 ஜூலையில் கூகுள் கண்டுபிடித்தது. அவை இணையதளச் சான்றிதழ்கள்தாம். ஆனால் மென்பொருள் கையொப்பமும் இதே போன்ற நம்பிக்கைச் சங்கிலியில்தான் தொங்குகிறது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சு நிரல், ரியல்டெக் நிறுவனத்திடமிருந்து திருடிய சாவியால் கையொப்பம் பெற்றிருந்தது. 2020இல் தெரியவந்த, சோலார்விண்ட்ஸ் மென்பொருள் நிறுவனத்தின் மீதான தாக்குதலில் திருட்டுச் சாவிகூடத் தேவைப்படவில்லை: தயாரிப்பு நிலையிலேயே நச்சு நிரல் புகுந்துவிட்டதால் நிறுவனமே தன் சாவியால் ஒப்பமிட்டு அனுப்பியது. நிரலுக்கு ஒப்பமிடும் பொதுச் சான்றிதழ்களின் இரகசியச் சாவி பாதுகாப்பான வன்பொருளுக்குள்தான் இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்தது, தாமதமான விதி.

ஆண்ட்ராய்டில் நிலைமை வேறு. கையொப்பம் இல்லாத ஏ.பி.கே. செயலிக் கோப்பை அது நிறுவாது. ஆனால் சான்றிதழை எவரும் தாமே உருவாக்கிக்கொள்ளலாம். ஆகவே பி.எம். கிசான், போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் மோசடிச் செயலிகளும் முறையாகக் கையொப்பமிட்டவையே. ஏற்கெனவே இருக்கும் செயலியின் மேல் வேறு சாவியிட்ட புதுப்பிப்பை ஏற்ற முடியாது; அந்த மட்டுக்கு ஆண்ட்ராய்டு காவல் காக்கும். புதுப் பெயரில் வரும் செயலி நல்லதா கெட்டதா என்பதைக் கையொப்பம் சொல்லாது. சொல்லும் என்று நம்புவது ஆபத்து.

இத்தகைய செயலியால் பணம் இழந்தவர்கள் முதலில் அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண் 1930.