கழுத்திலிருந்து இடுப்புக்கு

நம் பிள்ளைகள் இப்போதெல்லாம் நாலைந்து நாள் மலையேற்றம் என்று கிளம்பிவிடுகிறார்கள். பை வாங்கும்போது எத்தனை லிட்டர், எத்தனை கிராம் என்றுதான் விசாரணை. பாரம் உடம்பில் எங்கே உட்காரும்? பழைய கேள்வி அதுதான். மலையகத்துப் பாட்டிமார் கழுத்துக்குத் தெரியும்.

நான் வேலை பார்க்கும் அந்தமானில் ஆதிகுடிகள் பிரம்புக் கூடையை மரப்பட்டை வாரால் முதுகில் தொங்கவிட்டுக் காடு சுற்றியவர்கள். நேபாளச் சுமைகாரர்கள் ‘நாம்லோ’ என்ற வாரைத் தலையில் மாட்டுகிறார்கள். 2005இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வில், அவர்களில் ஆண்கள் சராசரியாகத் தங்கள் எடையில் 93 சதவீதம் சுமந்திருக்கிறார்கள்! இலங்கையில் 1867இல் தேயிலைத் தோட்டம் தொடங்கிய பிறகு, கொழுந்துக்கூடையின் கயிறு ஏறியது நம் பெண்களின் தலையில்.

தோள் வார் கழுத்தைக் காப்பாற்றித் தோளை மாட்டிவிட்டது. 1952இல் கலிபோர்னியாவில் டிக் கெல்ட்டி அலுமினியச் சட்டம் வைத்த பைகளை விற்கத் தொடங்கினார். பாரத்தை இடுப்புக்கு இறக்கும் வார் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு. 1990களில் ரே ஜார்டின் சட்டமே வேண்டாம் என்றார். மூட்டை மொத்தமும் லேசாக இருந்தால்தான் அது சரிப்படும். லேசான பையில் 15 கிலோ அடைக்கிறவர்களை என்ன சொல்ல :-)

கடைக்கு டேப் கொண்டுபோங்கள். தலை குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை முதுகை அளக்க வேண்டும். ஆறடி ஆளுக்கும் முதுகு குட்டையாக இருக்கலாம். எட்டு கிலோ போட்டு, இடுப்பு வாரை எலும்பின்மேல் இறுக்கி, கடைக்குள்ளேயே கால்மணி நேரம் நடக்கவிடுங்கள். தோள் வலித்தால் வேறு அளவு கேளுங்கள்.