மர எழுத்துக்கு வயது சொல்வது எப்படி?

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்டன் குகைக்கோயில் இருக்கிறது. பல்லவர் காலத்தின் ஒரே வாசகம் அங்கே கிரந்தம், நாகரி என இரண்டு எழுத்துகளில் வெட்டப்பட்டுள்ளது. ஆண்டு குறிப்பிடாத கல்வெட்டுகளுக்கு எழுத்தின் வடிவத்தை வைத்துத்தான் அறிஞர்கள் காலம் சொல்கிறார்கள். அதே வேலையைப் பழைய அச்சகங்களின் மர எழுத்துகளிலும் செய்யலாம்.

மரம் எதற்கு? சுவரொட்டிக்குத் தேவையான பெரிய எழுத்துகளை ஈயத்தில் வார்த்தால் கனமாக இருக்கும், செலவும் அதிகம். 1827-ல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் மரத்தைக் குடைந்தெடுக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்தி மர எழுத்துகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கினார். 1834-ல் வில்லியம் லெவன்வொர்த் அதோடு பாண்டோகிராஃபைச் சேர்த்தார். அதன்பின் ஒரே மாதிரியை வைத்து ஒரே எழுத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் வெட்ட முடிந்தது.

முதல் துப்பு இங்கேதான் கிடைக்கிறது. ஒரே தொகுதியில் இருக்கும் இரண்டு 'க'வைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அச்சு அசலாக இருந்தால் இயந்திரம் வெட்டியது. சின்னச் சின்ன வேறுபாடு இருந்தால் கையால் செதுக்கியது. சுழலும் வெட்டுக்கருவி உள்மூலைகளைச் சற்று உருண்டையாக விட்டுவிடும்; கூர்மையாக வேண்டுமென்றால் கையால்தான் திருத்தவேண்டும்.

இரண்டாவது துப்பு முத்திரை. அமெரிக்க நிறுவனங்கள் பெரும்பாலும் ஆங்கில 'ஏ' கட்டையின் பக்கவாட்டில் தங்கள் பெயரைக் குத்தின. 1880-ல் தொடங்கிய ஹாமில்டன் நிறுவனத்தின் எழுத்துகளைக்கூட அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

தமிழில் முத்திரை கிடைக்காவிட்டால் எழுத்தே சாட்சி. 'லை', 'னை' போன்றவை யானைத் தும்பிக்கை மாதிரிக் கொம்போடும், 'னா', 'றா' போன்றவை கால் தனியாக இல்லாமல் சுழித்தும் இருந்தால் அது பழைய வடிவம். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. பெரியாரின் குடி அரசு 1935-லேயே புதிய வடிவத்துக்கு மாறிவிட்டது. பழைய எழுத்தை வாங்கி வைத்த அச்சகம் 1978-க்குப் பிறகும் அதையே வைத்து அச்சடித்திருக்கலாம். எழுத்தின் வயது வேறு, அதில் அச்சான நோட்டீசின் வயது வேறு.

செய்தவரின் பெயரை எழுதி வைக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதல்ல. 1578-ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 16 பக்க நூல். அதன் கடைசிப் பக்கத்தில் 1577-ல் கோவாவில் செய்த எழுத்தும், 1578-ல் கொல்லத்தில் செய்த எழுத்தும் மாதிரியாகக் காட்டப்பட்டுள்ளன. அவை உலோக எழுத்துகள். கோவா எழுத்தைச் செய்தவர் ஜோவா கொன்சால்வெஸ், கொல்லம் எழுத்தைச் செய்தவர் ஜோவா டி ஃபாரியா என்று இன்றும் சொல்ல முடிகிறது.

நம் ஊர் சுவரொட்டி எழுத்துகளைச் செதுக்கிய தச்சர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆஃப்செட் வந்ததும் டிரெடில் அச்சகங்கள் மூடின. ஈயத்தை உருக்கி எடைக்குப் போடலாம், மரம் அடுப்புக்குத்தான். கல்லில் இருப்பது 1,200 ஆண்டு கழித்தும் பேசுகிறது. மரத்தில் இருப்பது நம் கண் முன்னாலேயே சாம்பலாகிவிடும்.

செங்கல்பட்டிலோ வேறு ஊரிலோ ஒரு பழைய அச்சகத்தைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், ஒவ்வொரு எழுத்தையும் ஒரு தாளில் பதித்து, கட்டையின் நான்கு பக்கத்தையும் படம் எடுத்து, அச்சகத்தின் பெயரையும் ஊரையும் குறித்து வைத்தால் போதும். வயதையும் செய்தவரையும் பிறகு நிதானமாகத் தேடிக்கொள்ளலாம்.