சிணுக்கோலியும் சவுரியும்

கீழடியில் கிடைத்த தந்தச் சீப்பு தலைவாரும் வழக்கத்தின் தொன்மைக்குச் சான்றாயினும், தமிழகத்தில் சிக்கெடுக்கும் வேலையைச் சீப்பு மட்டுமே செய்துவந்ததில்லை. சிணுக்கோலி எனப்பட்ட, முனை கூர்ந்த மெல்லிய கோலே, எண்ணெய் தடவி உராய்வு குறைக்கப்பட்ட கூந்தலின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக நெகிழ்த்தப் பயன்பட்டது. வேரிலிருந்து சீப்பை இழுத்தால் சிறு முடிச்சுகள் கீழே திரண்டு இறுகி இழை அறுந்துவிடும் என்பதால், சுருட்டை முடியில் நுனியில் தொடங்கி மேலேறுவதே முறை; அவசரக்காரர் கைக்கு வசப்படாத வேலை இது. அப்படியும் உதிர்ந்த முடியைச் சேர்த்து, பின்னலுக்கு நீளம் கூட்டும் சவுரியாகத் திரித்தனர். கோல் வழக்கொழிந்தது, உதிர்முடி வணிகமோ பெருகியது. கர்நாடகத்தில் கொப்பள் அருகேயுள்ள பாக்யநகரில் பெண்கள் முடிப்பந்துகளைப் பிரித்தெடுத்து வாழ்கின்றனர்; இத்தகைய கச்சா முடியின் ஏற்றுமதிக்கு 2022 ஜனவரியில் ஒன்றிய அரசு கட்டுப்பாடு விதித்தது.