மழை வகுத்த கூரை

குளத்தூரிலிருந்து தென்கிழக்கே சென்றால், தக்கலையை அடுத்து, வேளிமலையடியில் பத்மநாபபுரம் அரண்மனையைக் காணலாம். 1601-ஆம் ஆண்டளவில் தோன்றி, 1750-ஆம் ஆண்டளவில் மார்த்தாண்டவர்மரால் புதுக்கப்பெற்றது.

மன்னர் மனை எனின் கருங்கற்கோட்டையை எதிர்பார்ப்போர் வியப்புறுவர். எங்கும் மரவேலை; மேலே ஓடு. இருபருவ மழையும் நனைக்கும் நிலமன்றோ! செங்குத்தாய்ச் சரிந்த கூரை நீரை நிற்கவிடாது. தாழ்ந்த இறவாரம் சாரலைத் தடுக்கும். சாய்ந்த மரச்சட்டங்கள் காற்றை விட்டு வெயிலை மறைக்கும். நம் ஊர்ப் பழைய ஓட்டுவீடுகளுக்கும் இதுவே இலக்கணம்.

அணித்தேயுள்ள சுசீந்திரத்திலோ கல்மண்டபமும் உயர்கோபுரமும் நிற்கின்றன. மழை ஒன்றே கட்டடத்தை வகுப்பதில்லை. கோயின்மரபும் சேர்ந்தே வகுக்கிறது என்பது நம் கருத்து.

1956 நவம்பர் 1-இல் கல்குளம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருப்பினும், அதனைப் பேணுவது இன்றும் கேரளத் தொல்லியல் துறையே. எல்லைக்கோட்டின் இருபுறமும் கூரையின் சரிவு ஒன்றாகவே இருந்தது.

இன்றோ நம்மவர் ஊரில் ஓட்டைப் பிரித்துத் தட்டையான கான்கிரீட் தளம் போடுகின்றனர். இரண்டொரு மழைக்காலம் ஒழுகியபின், அதன்மேலேயே சரிவாகத் தகரம் வேய்கின்றனர். விடுமுறையில் சென்ற நாம் சிரித்தோம். பின்னர் நம் வீட்டுக்கும் தகரத்திற்கு விலை விசாரித்தோம்.