ஒரு குடிகாரருக்கு இன்னொரு குடிகாரர்

1935 மே மாதம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரம், டயர் கம்பெனிகளின் ஊர். அங்கே மேஃபிளவர் ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில், பையில் ஏறக்குறைய பத்து டாலரோடு நின்றுகொண்டிருந்தார் நியூயார்க் பங்குச்சந்தைக்காரர் பில் வில்சன். ரப்பர் இயந்திரக் கம்பெனி ஒன்றின் நிர்வாகத்தைப் பிடிக்க, பங்குதாரர்களின் ஓட்டுகளைத் திரட்ட வந்தவர். தோற்றுவிட்டார். கூடத்தின் ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் தொலைபேசி...

வில்சன் குடியால் வால் ஸ்ட்ரீட்டில் பெயரைக் கெடுத்துக்கொண்டவர். மருத்துவமனையில் சேர்வதும் வெளியே வந்து மறுபடி குடிப்பதுமாக இருந்தவர், 1934 டிசம்பருக்குப் பிறகு தொடவில்லை. அந்த ஐந்து மாதமும் கண்ணில் பட்ட குடிகாரர்களையெல்லாம் திருத்தக் கிளம்பினார். ஒருவர்கூடத் திருந்தவில்லை! அலுத்துப்போய்ச் சொன்னபோது, அவர் மனைவி லோயிஸ் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: நீங்கள் குடிக்காமல் இருக்கிறீர்களே என்று.

ஹோட்டலில் வில்சனுக்கு அது உறைத்தது. பாருக்குள் போகாமல் இருக்க அவருக்கு இன்னொரு குடிகாரர் தேவைப்பட்டார். தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாருக்குப் போன் செய்தார். அங்கிருந்து ஆள்மாற்றி ஆளாக ஹென்ரியேட்டா சைபர்லிங் என்ற பெண்மணி கிடைத்தார். குடியால் தொழிலே கெட்டுக்கொண்டிருந்த பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை டாக்டரை அவருக்குத் தெரியும்.

மறுநாள் அன்னையர் தினம். போதை தெளியாத தலைவலியோடு வந்த ஸ்மித், கால்மணி நேரத்துக்கு மேல் இருக்க முடியாது என்று மனைவியிடம் முன்பே சொல்லியிருந்தார். ஆறு மணி நேரம் பேசினார்கள். புத்திமதி சொன்னவர்கள் ஸ்மித்துக்கு ஏராளம். ஆனால் வந்தவர் தன் கதையைச் சொன்னார், அதுவும் தன் தேவைக்காக! உபதேசத்துக்கும் இதற்கும் இருக்கும் வித்தியாசம் குடிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும் போல.

அதற்காக ஸ்மித் ஒரே நாளில் மாறிவிடவில்லை. சில வாரங்களில் மருத்துவர்கள் மாநாட்டுக்கு அட்லாண்டிக் சிட்டி போனவர், போதையில்தான் திரும்பினார். பிறகு ஒரு அறுவை சிகிச்சை இருந்தது, கை நடுங்கியது. அதை நிறுத்த வில்சனே ஒரு பீர் கொடுத்தார். (அந்த நோயாளியின் நிலையை நினைத்தால்தான் பகீரென்கிறது.) அதுவே ஸ்மித்தின் கடைசிக் குடி. அந்த நாளாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10-ஐத்தான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. அடுத்து இருவருமாக ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு வக்கீலைத் தேடிப் போனார்கள். மூன்றாவது ஆள்.

1939-இல் புத்தகம் வெளிவந்தபோது ஏறக்குறைய நூறு பேர். கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரிடம் பெரிய தொகை எதிர்பார்த்தார்கள். பணம் இதைக் கெடுத்துவிடும் என்று நினைத்த அவர் 1938-இல் 5,000 டாலர் மட்டும் கொடுத்தார். அப்போது ஏமாற்றம்தான். பின்னால் வெளியார் நன்கொடை வாங்குவதில்லை என்பதே அமைப்பின் கொள்கையாகிவிட்டது. கூட்டத்தில் சுற்றி வரும் உண்டியல்தான் வருமானம்! வணிகவியல் பாடத்தில் இப்படி ஒரு நிறுவனம் வராது.

1941 மார்ச்சில் ஒரு வார இதழில் கட்டுரை வந்தது. சுமார் 2,000 பேராக இருந்தவர்கள் அந்த ஆண்டு முடிவதற்குள் 8,000 ஆனார்கள். ஸ்மித் 1950-இல் இறந்தார். அதுவரை அவர் கட்டணம் வாங்காமல் மருத்துவம் பார்த்த குடிநோயாளிகள் 5,000 பேருக்கு மேல் என்கிறார்கள்.